அளவு முப்பத்தேழு

பெட்டியை மேலே தட்டில் வைக்கச் சொன்னாள் ஃபாயிஸா. வைக்கவில்லை. மடியிலேயே இருக்கட்டும், கனமா என்ன, ஒரு ஜோடி செருப்பு, மெல்லிய தாளில் சுற்றின செருப்பு. தோல் வாசனை அட்டையைத் தாண்டி வருகிறது, புதுத் தோலுக்கு ஏன் இப்படி ஒரு வாசனை, கொஞ்சம் பள்ளிக்கூடப் பை, கொஞ்சம் சர்ச்சில் பழைய பெஞ்சு, அதுக்கடியில் வேறு என்னமோ, வேண்டாம், அதை நினைக்க வேண்டாம். ரயில் ஃப்ளோரன்ஸை விட்டுக் கிளம்பிவிட்டது. எதிர் இருக்கையில் ஃபாயிஸா பைகளைக் காலுக்கிடையில் நிறுத்தி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கிறாள். லாத்தாவுக்குப் பட்டுத் துணி, லாத்தா என்றால் அவள் அக்கா, காயல்பட்டினத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். வாப்பாவுக்கு பெல்ட். உம்மாவுக்குக் கைப்பை, அதைத் தேர்ந்தெடுக்க ஒரு காலைப்பொழுது பூராவும் போயிற்று, சிவப்பா, பழுப்பா, ஜிப் வைத்ததா, பட்டன் வைத்ததா. உம்மாவைக் கூப்பிட்டு வீடியோவில் காட்டி, உம்மா "ரெண்டும் வேண்டாம்" என்று சொல்லி, பிறகு ரெண்டையும் கேட்டு. நான் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன், நிஜமாகவே சிரித்தேன். எல்லாவற்றையும் தொட்டு முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள், என் மடியைப் பார்த்தாள். "கொஞ்சம் தூங்கட்டா பெனி?" என்றாள். தூங்கு என்றேன். கண்ணை மூடிக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்திருக்குமா. பக்கத்தில்தானே நின்றாள். தெரியாமல் எப்படி இருக்கும். தெரிந்திருந்தால் வாயை மூடிக்கொண்டு இருப்பாளா, அவளா?

சும்மாதான் நின்றேன் அந்தக் கடையில். சந்தைத் தெரு முழுக்கத் தோல் கடை, கோட்டு, பை, பர்ஸ், எல்லாம் கொக்கியில் தொங்குகிறது. கடைக்காரர் வங்காளதேசத்து ஆள், "இந்தியா? இந்தியா?" என்று கேட்டு, ஃபாயிஸா தன் அரைகுறை இந்தியில் பேரத்தைத் தொடங்கிவிட்டாள், அவள் பேரம் பேசினால் ஒரு கச்சேரிதான், கோபப்படுவாள், நடந்து போவாள், திரும்பி வருவாள். நான் பலகையில் இருந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தேன் நிறம். பெருவிரலுக்கு ஒரு வளையம், புறங்காலுக்கு அகலமாக ஒரு பட்டை, குதிகால் பக்கம் மெத்தென்று. கையில் எடுத்தேன். மடக்கிப் பார்த்தேன். உள்ளே உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தேன். நல்ல அகலம், விரல் நெருக்காது, நாள் பூரா நின்னாலும் வலிக்காது, இப்படித்தான் ஓடியது நினைப்பு, யாருக்கு வலிக்காது என்கிற இடத்தில் அது நிற்கவே இல்லை, ஈரத் தரையில் கால் வைத்ததுபோல் வழுக்கிக்கொண்டு போயிற்று. சைஸ் என்று கேட்டார் கடைக்காரர். தேர்ட்டி செவன் என்றேன். என் கால் முப்பத்தொன்பது. அவர் உள்ளே போய்ப் பெட்டியோடு வந்தார். வாங்கிக்கொண்டு வெயிலில் இறங்கி, அந்தப் பெரிய சிவப்புக் கும்மட்டம் கூரைகளுக்கு மேலே தெரிகிற முக்குவரைக்கும் நடந்து, ஃபாயிஸாவிடம் திரும்பி, போடவே மாட்டாட்டி, பெட்டிக்குள்ளயே வச்சிப் பூட்டிருவா, பாரு என்று சொல்ல வாயைத் திறந்தேன். அங்கேதான் முட்டியது. வாயைத் திறந்தபடி நின்றேன். "என்ன?" என்றாள் ஃபாயிஸா. "ஒண்ணுமில்ல, வெயிலு" என்றேன்.

குகை வந்துவிட்டது. இந்த மலையில் ரயிலுக்குக் குகை மாற்றிக் குகை, காது அடைக்கிறது, ஜன்னல் கறுத்துக் கண்ணாடியாகிவிடுகிறது, அதில் நான். தாடை அவளுடையது. எல்லோரும் சொல்வார்கள், எமில்டா மாதிரியே, எமில்டா தாடை. எமில்டா, தூத்துக்குடியில் ஒரு பேக்கரியில் மக்ரூன் கட்டுகிறவள், முட்டை வெள்ளையும் சீனியும் முந்திரியும் சேர்த்து வெள்ளைக் கோபுரமாக ஊற்றிச் சுட்டு எடுப்பார்களே அந்த மக்ரூன், தொட்டால் நொறுங்குகிற அதை ஒன்றுகூட உடையாமல் பொட்டலம் கட்டுவாள், நின்றுகொண்டே கட்டுவாள், கல்லாவுக்குப் பின்னால் ஸ்டூல் கிடையாது. வீட்டுக்கு வந்ததும் காலைத் தூக்கிச் சுவரில் வைத்துப் படுத்துவிடுவாள். "நின்னு நின்னு காலு தட்டையாயிட்டுளா, தாரா கால் மாதிரி" என்று சிரிப்பாள், தாரா என்றால் வாத்து. ரப்பர் செருப்பு, வார் அறுந்தால் ஊக்கு குத்தி அதே செருப்பு. பித்த வெடிப்பில் மண் போய் உட்கார்ந்து கறுப்புக் கோடு கோடாக, குதிகாலில் ஆற்றுப்படம் வரைந்த மாதிரி. எனக்கு அந்தக் கால் தெரியும். கண்ணை மூடினால் முகத்துக்கு முன்னால் அந்தக் கால்தான் வருகிறது, அதுவும் அந்தக் கால் இல்லை, வெள்ளை சாக்ஸ் போட்ட கால். அண்ணன் ரெக்ஸன், பெரியப்பா மகன், போனைப் பிடித்துக்கொண்டிருந்தான். நான் ஜெர்மனியில் என் அறையில் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தேன், ஜன்னலுக்கு வெளியே பனி. முகத்துப் பக்கம் ஒரே கூட்டம், சின்னம்மாக்கள் எல்லோரும் குனிந்து கிடந்தார்கள், ரெக்ஸனால் அந்தப் பக்கம் போக முடியவில்லை, சவப்பெட்டியின் கால்மாட்டில் நின்றுவிட்டான். எனக்குக் கிடைத்தது ரெண்டு வெள்ளை சாக்ஸ். அண்ணா முகத்தைக் காட்டு, முகத்தைக் காட்டு என்று கத்தினேன், ஜெபச் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. அம்மா வாழ்நாளில் சாக்ஸ் போட்டதில்லை. யார் வாங்கிவந்தார்கள் அதை, எந்தக் கடையில், என்ன அளவு சொன்னார்கள்?

வெளிச்சம். மலை பின்னால் போய்விட்டது, தட்டையான வயல், சோளமா அது, தூரத்தில் ஒரு மணிக்கோபுரம், அதற்குப் பிறகு இன்னொன்று. போகவில்லை நான். விசா நீட்டிப்புக்குக் கொடுத்திருந்தேன், அந்த நேரத்தில் நாட்டை விட்டுப் போனால் திரும்ப வர முடியாது என்றார்கள், அப்பாவே சொன்னார், "வராதம்மா, நீ வந்து என்ன ஆகப் போவுது, அவளுக்கு நீ படிக்கணும்னுதான்" என்று. சரி. அது ஜனவரி. விசா வந்தது, சித்திரை வந்தது, கோடை விடுமுறை வந்தது, அப்போது ஏன் போகவில்லை என்று யாரும் கேட்கவில்லை, அப்பாகூடக் கேட்கவில்லை. லேபில் வேலை இருந்தது. இருந்தது, உண்மைதான். ஆனால் இதுவும் உண்மை, அங்கே போகாதவரைக்கும் அவள் வீட்டில் இருக்கிறாள். இங்கேயிருந்து பார்த்தால் எதுவும் மாறவில்லை, அப்பா லாஞ்சிப் படகில் எஞ்சின் வேலையை விட்டபிறகு வாங்கின பிளாஸ்டிக் நாற்காலியில் வாசலில் இருக்கிறார், உள்ளே அவள் காலைச் சுவரில் தூக்கி வைத்துப் படுத்திருக்கிறாள், கை சீனி மணக்கிறது. கதவைத் திறந்து நான் உள்ளே நுழைந்தால்தான் அந்தச் சுவர் வெறும் சுவராகும். அந்தச் சுவரில் குதிகால் பட்டுப் பட்டு எண்ணெய்க் கறை ரெண்டு இருக்கும், வெள்ளையடித்திருப்பார்களோ? ஞாயிற்றுக்கிழமை அப்பா கூப்பிடுவார். சாப்டியா. சாப்டேன். குளிரா. குளிர்தான். கிறிஸ்மஸுக்கு டிக்கெட்டு இப்பவே போட்டா நல்லதுன்னு ரெக்ஸன் சொல்றான். பாக்கேன்பா. வெச்சிரட்டா. வெச்சிருங்க. ரெண்டு பேரும் அவள் பெயரைச் சொல்லாமல் சுற்றிப் போகக் கற்றுக்கொண்டோம், குழி இருக்கிற ரோட்டில் வண்டி ஓட்டுகிற மாதிரி.

அவளுக்கு ரோம் கிடையாது, ரோமாபுரி. பாப்பரசர் இருக்கிற ரோமாபுரி. நான் ஜெர்மனி போகிறேன் என்றதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "அங்கயிருந்து ரோமாபுரிக்கு பஸ் உண்டா?" போன வாரம் அந்தப் பெரிய கோயிலுக்குள் நடந்தபோது ஃபாயிஸா தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு வாயைப் பிளந்து கூரையைப் பார்த்தாள், "ஏட்டி, இது கட்டடமா மலையா?" உள்ளே பேதுருவின் வெண்கலச் சிலை, வரிசையில் போய் எல்லோரும் அதன் காலைத் தொடுகிறார்கள், ஜனங்கள் தொட்டுத் தொட்டு விரல்கள் தேய்ந்து காலே ஒரு சோப்புக்கட்டி மாதிரி ஆகிவிட்டது. என் முறை வந்தது. தொட்டேன். குளிர்ந்து இருந்தது. எல்லோரும் தொட்ட உடனே நகர்கிறார்கள், என்னால் கையை எடுக்க முடியவில்லை, பின்னால் ஒரு கிழவர் இருமினார். ஃபாயிஸா என் முழங்கையைப் பிடித்து மெதுவாக இழுத்தாள். வெளியே வந்து ஒரு பேக்கரி ஜன்னலில் பாதாம் பலகாரம் அடுக்கியிருந்ததைப் பார்த்து, "நம்ம மக்ரூனுக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி மாதிரி இருக்குல்லா" என்றாள், சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். நான் கேட்காத மாதிரி நடந்தேன். கல்லூரி ஹாஸ்டலிலிருந்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் திருநெல்வேலி பஸ்ஸில் ரெண்டு பேரும் வருவோம், தூத்துக்குடியில் இறங்கி நேரே அம்மா கடைக்கு, அங்கே ஒரு பொட்டலம் தயாராக இருக்கும், அதைத் தின்றுகொண்டே ஃபாயிஸா காயல் பஸ் ஏறுவாள். நோன்பு மாசத்தில் மட்டும் பொட்டலத்தை நூல் கட்டிக் கொடுப்பாள் அம்மா, "பள்ளில மோதின் பாங்கு சொன்ன பெறகு அவுருளா" என்று. பஸ் ஜன்னலில் அந்த நூலைப் பிடித்து ஆட்டிக்கொண்டே போவாள் இவள். எத்தனை வெள்ளிக்கிழமை அப்படி. அப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை சும்மா வந்துகொண்டே இருந்தது.

இப்போது இதை என்ன செய்ய. பொலோஞ்ஞாவில் ரயில் நின்று ஒரு அம்மா ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள், என் பெட்டியைப் பார்த்து எதோ சொல்லிச் சிரித்தார்கள், அழகான செருப்பு வாங்கினாயா என்றுதான் இருக்கும், நானும் சிரித்தேன். இவர்களிடம் கொடுத்துவிடலாமா. கால் பெரிதாக இருக்கிறது. ஃபாயிஸாவுக்குச் சின்னக் கால். இருக்கையில் மறந்த மாதிரி விட்டுவிட்டு இறங்கினால் யாராவது ஓடிவந்து கையில் கொடுப்பார்கள். எனக்குத்தான் ஆகுமா என்று பார்க்கலாம், குதிகால் வெளியே நிற்கும். முதல் வருஷமே அவளுக்குக் குளிர்காலத் தள்ளுபடியில் ஒன்று வாங்கப் பார்த்து, இந்த ஊர் அளவு என்ன என்று கடையில் அட்டவணையில் தேடி வைத்ததுதான் அந்த முப்பத்தேழு. போனில் சொன்னதும், "அனுப்பாத, பார்சல்ல தொலைச்சிருவானுவ, நீ வரும்போது கொண்டா" என்றாள். அந்த எண் எங்கேயோ கிடந்திருக்கிறது. பாடம் மறக்கிறது, பைபிளில் மத்தேயு மாற்கு வரிசை மறக்கிறது, இது மட்டும் வாயில் தயாராக இருந்து குதித்திருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. மூளை கெட்டுவிட்டதோ என்று. ஒரு நிமிஷம், கடையில் அந்த ஒரு நிமிஷம், அவள் உயிரோடு இருந்தாள், நான் சந்தோஷமாக இருந்தேன், எப்பேர்ப்பட்ட சந்தோஷம், அப்புறம் அந்த முக்கில் மறுபடி செத்துப்போனாள். இன்னும் எத்தனை முக்கில் சாவாள். ஒவ்வொரு ஊரிலும் கடை இருக்குமே.

"பெனி." ஃபாயிஸா கண்ணைத் திறக்காமலே கூப்பிட்டாள். "தூங்கலியா நீ?" என்றேன். "தூக்கமா வருது?" என்று கண்ணைத் திறந்தாள், சிவந்து இருந்தது. "எனக்கு அப்பமே தெரியும்ட்டி" என்றாள். "பெறகு ஏன் சொல்லல?" என்றேன். "எப்பிடிச் சொல்ல? நீ அத மடக்கிப் பாத்த. உள்ளங்கைய வச்சி அமுக்கிப் பாத்த. ஒம்மொகத்த அப்பிடிப் பாத்து எவ்ளோ நாளாச்சி. அதப் போயி நான் நிறுத்துவனா? அந்த ஆளுட்டப் பேரம் பேசுறத கூட விட்டுட்டேன், பாத்தியா, கேட்டதக் குடுத்துட்டு வந்தேன்." சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. ரயில் எதோ பாலத்தில் கடகடத்துப் போயிற்று. பிறகு கோபமாகச் சொன்னாள், அவளுக்கு இப்படிக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை, பக்கத்து அம்மா திரும்பிப் பார்க்கிற அளவுக்கு: "நீ பேச மாட்டேங்க. சரி. ஒன் உம்மா, நீ பேசணும்னா பேசு, இல்லன்னா விடு. ஆனா எனக்கும் மக்ரூன் கட்டித் தந்தவங்கதானே? எனக்குத் தோணாதா? நீ ஒரு வார்த்த எடுக்காததால நானும் மூடிக்கிட்டே கெடக்கேன். இந்த ஊருல ஒங்க அம்மாவத் தெரிஞ்ச ஆளு நம்ம ரெண்டு பேருதான். நான் யாருட்டப் போயிப் பேச, சொல்லு." அவளுக்கும் ஒரு அம்மா போயிருக்கிறாள் என்று, அதை அவள் இவ்வளவு நாள் தனியாகத் தூக்கிக்கொண்டு என் பின்னாலேயே நடந்திருக்கிறாள் என்று, எனக்குத் தோன்றியதே இல்லை. "பேசு" என்றேன். "இப்பப் பேசு."

துடைத்துக்கொண்டாள். ஜன்னலைப் பார்த்தபடி தொடங்கினாள். "கடைசி வருசம், நான் ஹை ஹீல்ஸ் ஒண்ணு வச்சிருந்தேன்லா, கறுப்பு, நீ கழுதக் குளம்புன்னு சொல்லுவ. ஒங்க வீட்டுக்கு வந்திருந்தேன். நீ குளிக்கப் போயிட்ட. நான் தண்ணி குடிக்க உள்ள போயிட்டு வாரேன், ஒங்க அம்மா என் ஹீல்ஸப் போட்டுட்டு, குதிகாலு பாதி வெளிய தொங்க, நிக்காங்க. செவுத்தப் பிடிச்சிக்கிட்டு நிக்காங்க. என்னப் பாத்ததும் வெக்கப்பட்டுக் கழட்டுவாங்கன்னு பாத்தா, 'கையக் குடுளா'ங்காங்க. கையப் பிடிச்சிக்கிட்டு அடுக்களைக்கும் வாசலுக்கும் நடக்காங்க, நைட்டியத் தூக்கிச் செருவிக்கிட்டு. 'ஒசரமாயிட்டேன்லா, பரண்ல இருக்க பாத்திரம்லாம் தெரியுதுளா'ங்காங்க. நீ கதவத் திறக்கச் சத்தம் கேட்டதும் அப்பிடியே ஒதறிட்டு ஓடி, அடுப்புட்ட போயி நின்னுக்கிட்டு, 'பெனிட்டச் சொல்லிராத, கேலி பண்ணியே கொன்னுருவா'ன்னாங்க." அவள் நிறுத்தினாள். "சொல்லல. இன்னைக்கு வரைக்கும் சொல்லல." எனக்குச் சிரிப்பு வந்தது. வயிற்றிலிருந்து வந்தது, நிறுத்த முடியவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு தாரா கால்களோடு ஹீல்ஸில் நடக்கிறாள் எமில்டா, நான் பார்க்கவே பார்க்காத அம்மா, புத்தம்புது அம்மா. சிரித்துக்கொண்டே இருக்கும்போது அது வேறாக மாறியது, எங்கே மாறியதென்று தெரியவில்லை, குனிந்து பெட்டியின் மேல் முகத்தை வைத்துக்கொண்டேன், அட்டை நனைந்தது. பக்கத்து அம்மா என் முதுகில் கை வைத்தார்கள். ஃபாயிஸா எழுந்து வந்து இடமில்லாத இடத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். படுவா ஸ்டேஷனில் அந்த அம்மா இறங்கிப் போகும்போது என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்கள். பிறகு நாங்கள் பேசினோம், யார் எதைச் சொன்னோம் என்று சொல்ல முடியாது, ஊக்கு குத்தின செருப்பு, மாதா தேரன்று தொலைந்துபோன கம்மல், அம்மா தன் பாட்டுக்குப் பாடுகிற பாட்டின் தப்பான வரிகள், என் வாயில் அம்மா அம்மா என்று அந்தச் சொல் எத்தனையோ தடவை வந்து போயிற்று, ஒரு தடவைகூட முட்டவில்லை.

ரெண்டு பக்கமும் தண்ணீர். ரயில் கடலுக்குள் இறங்கிவிட்ட மாதிரி இருந்தது, சாம்பல் பச்சையாகக் கண்ணுக்கெட்டின தூரம் தண்ணீர், நடுவில் நட்டுவைத்த மரக்கட்டைகளின் மேல் பறவைகள். வெனிஸ் ஸ்டேஷன் படியில் வந்து நின்றதும் எதிரே வாய்க்கால், படகு, பாசி வாடை. உப்பும் பாசியும் கொஞ்சம் டீசலும். லாஞ்சித் துறையில் அப்பாவைக் கூப்பிடப் போகும்போது வருகிற அதே வாடை. ஃபாயிஸா படகுக்கு டிக்கெட் எடுக்கப் போனாள். ஊரில் இப்போது விளக்கு வைக்கிற நேரம். நான் படியில் உட்கார்ந்து போனை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை இல்லையே என்று அப்பா பதறினார். "என்னம்மா, ஒடம்புக்கு ஒண்ணுமில்லையே?" "இல்லப்பா, வெனிஸ் வந்திருக்கேன், ஃபாயிஸா கூட. சும்மாதான்." "அங்க கடலு உண்டோ?" "உண்டு. அல கெடையாது." "அல இல்லாம என்ன கடலு, கொளம்னு சொல்லு" என்றார். சிரித்தேன். பிறகு சொன்னேன், நினைத்துப் பார்க்காமல் சொல்லிவிட்டேன். "அப்பா, நான் அம்மாவுக்குச் செருப்பு வாங்கிட்டேன். கடையில நிக்கும்போது மறந்துட்டு." அந்தப் பக்கம் தெருவில் ஒரு பைக் போகிற சத்தம், யார் வீட்டிலோ டிவி. வைத்துவிட்டாரோ என்று பார்த்தேன். "என்ன அளவு?" என்றார். "இங்க முப்பத்தேழும்பாங்க. நம்மூர்ல நாலு." "நாலுதான்" என்றார். "சரியா இருக்கும்." "நானும் ஒண்ணு பண்ணிட்டேன். ஒன்ட்ட எப்பிடிச் சொல்லன்னு இருந்தேன். மாதா திருநாளுக்கு ரெக்ஸன் பிள்ளையளுக்குத் துணி எடுக்கக் கூட்டிட்டுப் போனான். நான் பாட்டுக்குச் சேலை பிரிவுல நிக்கேன். வாடாமல்லிக் கலர்ல ஒண்ணு, கரை சின்னதா. அவளுக்குப் பெரிய கரை ஆகாதுல்லா. பில்லு போட்டுக் கையில குடுத்த பெறகுதான்." "பெறகு என்ன பண்ணினீங்க?" "என்ன பண்ண. கொண்டாந்து பீரோல வச்சிட்டேன். யாருட்டயும் காட்டல." ஒரு படகு வந்து துறையில் முட்டி நின்றது, ஆட்கள் இறங்கினார்கள், ஃபாயிஸா அங்கேயிருந்து கையைக் காட்டினாள், வா வா என்று. பெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தேன். "கிறிஸ்மஸுக்கு வாரேன்பா" என்றேன். "வா" என்றார். "அந்தச் செருப்ப யாருக்கும் தூக்கிக் குடுத்துராத. கொண்டா. சேல தனியா கெடக்கு."